வால் வெட்டிய ஃபிலிம்

ஒரு கேமராவின் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்குவதற்காக முப்பத்து நான்கு வருஷம் காத்திருந்தவன், இராஜபாளையத்தில் என்ன, இந்தப் பூலோகத்திலேயே என்னை விட்டால் ஆள் கிடையாது. காத்திருந்த காலத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. இரண்டு பெண்கள் பிறந்தார்கள். அவர்களுக்கும் கல்யாணம் ஆனது. தலையில் சிங்கத்தின் பிடரி மாதிரி இருந்த முடி உதிர்ந்து, சீப்பு வாங்கும் செலவு மிச்சமானது. ரிட்டயரும் ஆகிவிட்டேன். பட்டனை மட்டும் அமுக்கவில்லை.

கேமரா என்னுடையது இல்லை. நவநீதகிருஷ்ணனுடையது. நிக்கான் எஃப்.எம். டூ. ஃபிலிம் போட்டு எடுப்பது. தொண்ணூறாம் வருஷம் அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார். “இது ஸ்டூடியோ வச்சிருக்கவனுக்கும் இல்லையாம், பொண்டாட்டி பிள்ளைய நிறுத்தி வச்சு எடுக்கவனுக்கும் இல்லையாம். ரெண்டுக்கும் நடுவில கிறுக்குப் பிடிச்சு அலையிதவனுக்காம்” என்று கடைக்காரன் சொன்னதாகச் சொல்லி நீட்டினார். நவநீதகிருஷ்ணன் அதைக் கையில் வாங்கிய நிமிஷத்தில் அவருக்குக் கிறுக்குப் பிடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கும் பிடித்தது. ஒரே கேமரா, இரண்டு கிறுக்கு.

நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பிறகு அவர் பன்னிரண்டு தறி போட்டு ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட் வைத்தார். நான் அதில் மடிப்பு செக்‌ஷன் சூப்பர்வைசர் ஆனேன். திங்கள் முதல் சனி வரை அவர் எனக்கு மொதலாளி, நீங்க, வாங்க. ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் வெறும் நவநீதம், நீ, வா, போ. நான் தேவஇரக்கம். சர்ச்சில் கடைசி ஆமென் பாதிரி ஐயரின் வாயிலிருந்து புறப்பட்டு வாசலுக்கு வருவதற்குள் நான் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்திருப்பேன்.

போகிற இடமெல்லாம் என் வேலை ஒன்றுதான். நாலு மீட்டர் வெள்ளைப் பேண்டேஜ் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வெயிலை ஆளின் முகத்துக்குத் திருப்பி விடுவது. முகலாய ராஜாவுக்குச் சாமரம் வீசினவன்கூட என் அளவு கையைத் தூக்கி நின்றிருக்க மாட்டான். “கொஞ்சம் எறக்கு. ஏத்து. இந்தா, இந்தா, அப்படியே நில்லு” என்பார். அப்புறம் அந்தச் சத்தம். நல்ல தேக்குப் பெட்டியைத் தாழ்ப்பாள் போட்டது போல, ஒரே ஒரு ‘ளக்’. அந்தச் சத்தத்துக்கு என் வலது கை ஆள்காட்டி விரல் தானாக மடங்கும். துணி நழுவும். “ஏமிரா!” என்று தெலுங்கில் ஒரு அதட்டல் வரும். கோபம் வந்தால் அவருக்கு வீட்டுப் பாஷைதான்.

“ஒரே ஒரு தடவை அமுக்கிக்கிடுதேன், நவநீதம்.”

“கேமராவும் பல்லு வெளக்குத பிரஷ்ஷும் ஒருத்தருக்குத்தாம்லே.”

இதுதான் பதில். முப்பத்து நான்கு வருஷமும் இதே பதில். நான் செய்யாத தந்திரம் இல்லை. ஒரு தடவை அய்யனார் கோவில் அருவியில் பாறை வழுக்கி அவர் சறுக்கிக்கொண்டு போனார். ஒரு கை பாறை இடுக்கில், ஒரு கை கேமராவோடு ஆகாயத்தில்.

“தூக்குலே!” என்று கத்தினார்.

“மொதல்ல கேமராவக் குடு. பொறவு உன்னையத் தூக்குதேன்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கேமராவையும் பார்த்தார். பாறையை விட்டுவிட்டார். இடுப்பளவு தண்ணீரில் தொபீரென்று விழுந்து, கேமராவைத் தலைக்குமேல் பிடித்தபடியே நடந்து கரையேறினார். அருவியில் குளித்துக்கொண்டிருந்த ஐந்நூறு பேர் கைதட்டினார்கள். சரி, ஐம்பது பேர்.

என் மனைவி கிருபாபாய்க்கு இந்தக் கதை எல்லாம் மனப்பாடம். “அந்தப் பொட்டியப் பாக்க பார்வையில கால்வாசி என்னையப் பாத்திருந்தா நான் இன்னும் செவப்பாயிருப்பேன்” என்பாள். அதை அவள் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “ஒங்க சின்ன வீடு எப்படியிருக்கா?” என்றுதான் கேட்பாள்.

போன புரட்டாசியில் நவநீதம் என்னைக் கூப்பிட்டு விட்டார். அவருடைய வீட்டம்மா காலமாகி மூன்று வருஷம். மகன் சூர்யபிரகாஷ் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அப்பாவைத் தனியாக விடமாட்டேன் என்கிறான். அவருக்குக் கை நடுக்கம் வந்து ஒரு வருஷமாகிறது. காபி டம்ளரைத் தூக்கினால் முக்கால்வாசி வேட்டிக்குத்தான் போகிறது. யூனிட்டைப் பக்கத்து ஷெட்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார், புதுத் தறி போட அவருக்கு இடம் போதவில்லையாம். அவருக்குக் கொடுக்காமல், தறிகளை மட்டும் வெளியூர் வியாபாரிக்கு விற்றுவிட்டு ஷெட்டை வைத்துக்கொள்வதாக நவநீதம் முடிவு செய்திருந்தார்.

“அடுத்த திங்கக்கெழம கார் வருது. போறேன்லே” என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சிநேகிதன் போகிறானே என்று எனக்கு முதலில் தோன்றவில்லை. கேமரா போகிறதே என்றுதான் தோன்றியது. அப்புறம் வெட்கமாக இருந்தது. அதற்கும் அப்புறம்தான் துக்கம் வந்தது. வந்தது, வந்தது, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், “கேமராவையும் கொண்டுட்டுப் போறியா?” என்றேன்.

“பின்னே, ஒனக்குச் சீதனமாக் குடுத்துட்டுப் போவனா?”

சூர்யபிரகாஷ் எங்கேயோ சொல்லி ஒரே ஒரு ஃபிலிம் சுருள் வரவழைத்து அனுப்பியிருந்தான். முப்பத்தாறு படம். போவதற்கு முன் இருக்கிற எட்டு நாளில் எதையெதை எடுக்க வேண்டும் என்று நவநீதம் பட்டியல் போட்டு வைத்திருந்தார். ஓசூருக்குப் போய்க் கழுவிப் பார்க்க வேண்டும். அங்கே பக்கத்தில், பெங்களூரில், ஃபிலிம் கழுவுகிறவர் ஒருவர் இருக்கிறாராம்.

சுருளைக் கேமராவில் போட முயன்றார். விரல் நடுங்கியது. கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டிருந்தார். மூன்று தடவை முயன்று, மூன்றாவது தடவை சுருள் கட்டிலுக்கு அடியில் உருண்டது.

“இந்தா, நீயே போடு” என்றார்.

முப்பத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கேமராவின் முதுகுக் கதவை நான் திறந்தேன். எனக்குக் காது அடைத்தது. வேதாகமத்தில் ஆலயத்தின் திரைச்சீலை கிழிந்ததே, அந்த மாதிரி இருந்தது. அதுவரை அவர் ஃபிலிம் போடும்போதெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போடுவார், சித்தர் மருந்து அரைக்கிற மாதிரி. அதனால் எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் வாங்கி வைத்துவிடுவார். நான் சொல்லவில்லை.

சுருளின் நுனியைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபிலிம் முழு அகலத்தில் வராமல், நுனியில் பாதி அகலத்துக்குக் கத்தரித்து, பல்லி வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

இங்கே என் உத்தியோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மடிப்பு செக்‌ஷனில் நாளைக்கு நாலாயிரம் பேண்டேஜ் சுருள் என் கண்ணைத் தாண்டிப் போயிருக்கிறது. ஓரம் கோணலா, ரிஜெக்ட். நுனி பிசிறா, ரிஜெக்ட். சரியான சுருள் என்றால் நுனியை நேராக வெட்டி, அரை இஞ்ச் உள்ளே மடித்து, நகத்தால் ஒரு நீவு நீவிச் செருக வேண்டும். ரிட்டயர் ஆனாலும் இந்தக் கைக்கு அது தெரியும். தூக்கத்தில் போர்வையின் நுனியைக்கூட நான் மடித்து நீவுகிறேன் என்று கிருபாபாய் சொல்கிறாள்.

டேமேஜ் பீஸை அனுப்பிவிட்டான் போல என்று நினைத்தேன். பாவம், இந்த மனிதர் மனம் நோகக் கூடாது. மேஜை மேல் கத்தரிக்கோல் இருந்தது. வாலை நறுக்கினேன். நேராக, தெய்வீகமாக, ரூல்தடி வைத்தாலும் வராத நேர். அரை இஞ்ச் மடித்தேன். நீவினேன். அந்தப் பக்கத்து உருளையின் இடுக்கில் செருகினேன். கதவைச் சாத்தினேன்.

“ஆச்சாலே?” என்றார் கண்ணை மூடியபடி.

“கச்சிதம், மொதலாளி” என்றேன். அன்றைக்குக் கிழமை ஞாயிறு. ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

அந்த எட்டு நாளும் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினோம். ஸ்கூட்டர் இல்லை. ஆட்டோ. செங்கோட்டை ரயில் ஸ்டேஷனுக்குள் நுழைவதை எடுத்தார். துணி காயப்போடும் களத்தில் பேண்டேஜ் துணி மைல் கணக்கில் வெள்ளையாகக் கிடந்ததை எடுத்தார். மைல் இல்லை என்று யாராவது அளந்து சொல்லட்டும், பார்க்கலாம். சுந்தரபாண்டியத்தில் அவர் சின்ன வயதில் நீச்சல் படித்த கிணறு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், அதன் எதிரே அவர் முதல் தடவையாகப் பெண் பார்க்க வந்தபோது டீ குடித்த கடை. ஒவ்வொன்றுக்கும் கை நடுங்கியது. சுவரில் சாய்ந்துகொண்டு, மூச்சைப் பிடித்து, ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு வைத்து எடுத்தார். நான் துணி பிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் கேட்டேன். “பிரஷ்ஷு” என்றார்.

வியாழக்கிழமை தறிகளை ஏற்ற லாரி வந்தது. ஏற்றுவதற்கு முன், ஒரு தறியைச் சுற்றி இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்தினார். ஒன்பது பேர். நாள்பட்ட கை எல்லாவற்றிலும் முத்துப்பேச்சிதான் சீனியர். இருபத்தாறு வருஷம்.

“சிரி முத்துப்பேச்சி” என்றார் நவநீதம்.

“இருவத்தாறு வருசமா ‘சிரிக்காத, நூலப் பாரு’ன்னீக. இப்ப திடீர்னு சிரின்னா எங்கருந்து வரும்?”

எல்லோரும் சிரித்தார்கள். ளக். அவர் கேமராவை இறக்கி, வெகுநேரம் அந்தத் தறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாத்துலயும் இதுதாம்லே நல்லா வந்திருக்கு. எனக்குத் தெரியும்” என்றார். சாயங்காலம் லாரி போய்விட்டது. ஷெட் சாவியை என்னிடம் கொடுத்தார்.

சனிக்கிழமை ராத்திரிக் கணக்கில் முப்பத்தைந்து முடிந்திருந்தது. மிச்சம் ஒன்று. அது எதற்கு என்று எனக்குத் தெரியும். செண்பகத்தோப்புச் சாம்பல் அணில். பூனை அளவு உடம்பு, அதைவிட நீளமான வால், சத்தியமாக. மரத்துக்கு மரம் அது தாவும்போது ஆகாயத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்பது அவருடைய முப்பது வருஷத்து ஆசை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறோம். கிளை வந்திருக்கிறது, இலை வந்திருக்கிறது, என் வழுக்கை வந்திருக்கிறது. அணில் வந்ததில்லை.

கடைசி ஞாயிறு காலையில் ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், மாந்தோப்பு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அது வந்தது. உச்சிக் கிளையில் உட்கார்ந்து எங்களைக் குனிந்து பார்த்தது. நவநீதம் கேமராவைத் தூக்கினார். கை நடுங்கியது. சாய்ந்துகொள்ள அங்கே சுவர் இல்லை. இறக்கினார். மறுபடி தூக்கினார். கேமராவே ஒரு அணில் மாதிரி அவர் கையில் துள்ளியது.

“என் தோள்ல வச்சு எடு” என்று குனிந்தேன். வைத்தார். என் காதுக்குப் பக்கத்தில் அவருடைய மூச்சு கேட்டது. நடுக்கம் என் தோள் வழியாக என் பல் வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கனம் தோளை விட்டு எடுபட்டது.

“இந்தா” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“புடிலே. அது தாவப் போவுது. லிவரக் கொஞ்சம் வெளிய இழு. இந்த வளையத்தத் திருப்பு, மங்கலாயிருந்தது தெளிவாவும். அமுக்கு.”

நான் கண்ணை வைத்தேன். உலகத்தில் அப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது என்று அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. இலையின் நரம்பு தெரிந்தது. அணிலின் மீசை தெரிந்தது. மீசையில் ஒட்டியிருந்த மாம்பிஞ்சுத் துணுக்கு தெரிந்தது. புரட்டாசியில் ஏது மாம்பிஞ்சு என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்தது. அணில் முதுகை வளைத்தது. வாலைத் தூக்கியது. தாவியது.

ளக்.

ஒரே இருட்டு. கண் சிமிட்டுகிற நேரத்துக்கு எல்லாம் கறுத்து, திரும்ப வெளிச்சம் வந்தபோது கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“கறுப்பாப் போயிட்டே!” என்று அலறினேன். “கெடுத்துட்டனா?”

நவநீதம் வாயைத் திறந்தபடி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “என்னமாப் பறந்துச்சு பாத்தியாலே!” என்றார். “வால அப்படியே விரிச்சு... காலு நாலையும் நீட்டி... பாத்தியா?”

“இல்லையே. கறுப்புல்ல தெரிஞ்சுது.”

“கண்ணாடி மேல போவும்ல. படம் விழுத நேரத்துல எடுக்கவனுக்கு ஒண்ணும் தெரியாது. கறுப்புத்தான்.” அவர் என்னைப் பார்த்து, சின்னப் பையன் மாதிரி சிரித்தார். “நான் எடுத்த அம்புட்டு நல்ல படத்துலயும் நான் பாத்தது அந்தக் கறுப்புத்தாம்லே. நீதான் பக்கத்துல நின்னு எல்லாத்தையும் பாத்திருக்க. திருட்டுப் பய.”

எனக்கு அது ஏறவே இல்லை. என் விரல் அமுக்கியிருக்கிறது. விரலை மோந்துகூடப் பார்த்தேன். சும்மா ஒரு பழக்கத்துக்கு லிவரை இழுத்தேன். எண் முப்பத்தாறில் நின்றது. லிவர் நிற்கவில்லை, சுகமாக வந்தது.

“இன்னொண்ணு இருக்கு போலிருக்கே” என்றேன்.

“ஒண்ணு ரெண்டு கூடக் குறைய வரும். எடுத்துக்கோ, போ. தருமம்.”

மாமரத்தை எடுத்தேன். ளக். லிவர் வந்தது. ஆட்டோவை எடுத்தேன். ளக். வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி. ளக். வந்தது. கர்த்தர் ஐந்து அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கினது போல எனக்காக ஃபிலிமைப் பெருக்குகிறார் என்றே நினைத்தேன். நவநீதத்தை எடுக்கலாம் என்று திரும்பினேன். கண்ணாடிக்குள் அவர் முகம் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது. அதில் சிரிப்பு இல்லை.

“நிறுத்து” என்றார். “எத்தனை ஆச்சு?”

“நாலோ, அஞ்சோ.”

எழுந்து வந்து, கேமராவின் இடது பக்கத் திருகாணியை நடுங்குகிற விரலால் தொட்டார். அது வெறுமனே லொடலொடவென்று சுற்றியது. ஃபிலிம் ஓடியிருந்தால் அது இறுக்கமாக இருக்க வேண்டுமாம். அப்போதுதான் எனக்குத் தெரியும்.

“தொற.”

திறந்தேன். நான் செருகிய இடத்திலிருந்து நழுவி, என் நேரான நுனி, அரை இஞ்ச் மடித்து நீவியபடி, துளிகூட அசையாமல், கன்னி கழியாமல் அப்படியே கிடந்தது. மீதி எல்லாம் சுருளுக்குள்ளேயே இருந்தது. எட்டு நாளில் ஒரு படம்கூட விழவில்லை.

“வால என்ன செஞ்ச?”

“கோணலா இருந்துச்சு. வெட்டிட்டேன்.”

“மடிச்சிருக்கியேலே!”

“நுனி பிசிறடிக்கும்லா...”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெலுங்கில்கூடத் திட்டவில்லை. “தறி போயிட்டே” என்றார் மெதுவாக. “எல்லாத்தையும் திரும்ப எடுக்கலாம். அது போயிட்டே.”   

ஊருக்குத் திரும்பி என் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. கேமராவை வாரோடு எடுத்து என்னிடம் நீட்டினார்.

“யூனிட்டுல ரிஜெக்ட் வந்தா யாரு சரி பண்ணணும்?”

“செஞ்சவன்தான். அவன் சொந்த நேரத்துல.”

“அப்ப முப்பத்தாறையும் நீயே திரும்ப எடு. சுருளு முடிஞ்ச பொறவு கேமராவையும் சேத்து ஓசூருக்கு அனுப்பு. வாலு கீலு வெட்டுன, கொன்னுருவேன். சுருள வெளிய இழுத்துப் பாரு, புது வாலு வெட்டிக்கிடலாம். ஒரு நுனிய மெல்லிசா வெட்டி, நல்லா உள்ள குடுத்து, பல்லு ரெண்டு பக்கமும் ஓட்டையில மாட்டிருக்கான்னு பாரு. இந்தத் திருகாணி சுத்துதான்னு பாரு.” பதினைந்து நிமிஷம் சொன்னார். ஆட்டோக்காரர் மீட்டரைப் போட்டாரோ இல்லையோ, கொட்டாவி விட்டார். திங்கட்கிழமை காலையில் அவரை ஏற்றிக்கொண்டு கார் போய்விட்டது.

கிருபாபாய் என் கழுத்தில் கேமராவைப் பார்த்தாள். “சின்ன வீட்டக் கூட்டிட்டே வந்தாச்சா? உலை கூட வைக்கணுமா?” என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபி போட உள்ளே போனாள்.

நான் எடுத்தேன். அவருடைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். திருகாணி சுற்றியது. ரயில், கிணறு, கோபுரம், டீக்கடை. முப்பத்து நான்கு வருஷம் கெஞ்சியது இப்போது என் விரலுக்கு அடியிலேயே இருந்தது. முதல் பத்துப் படம் வரைக்கும் நான் தரையில் நடக்கவில்லை. பதினொன்றாவது, துணி காயும் களத்தில். கேமராவைத் தூக்கி, “கொஞ்சம் எறக்கு” என்று பக்கத்தில் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை. துணி பிடிக்க ஆள் இல்லாமல் களத்தின் ஓரத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு அமுக்கினேன். ளக். கறுப்பு. என்ன நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை.

அணிலைக்கூட எடுத்துவிட்டேன். அநேகமாக வால் மட்டும்தான் விழுந்திருக்கும். ஆனால் என்ன வால்!

கடைசியில் முப்பத்தாறாவது. ஐப்பசி முதல் ஞாயிறு, முத்துப்பேச்சியிடம் சொல்லி எல்லோரையும் ஷெட்டுக்கு வரவழைத்தேன். பக்கத்து ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவர்கள்தான், ஒன்பது பேரும் வந்தார்கள். கதவைத் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. தரையில் தறியைப் பூட்டியிருந்த போல்ட் ஓட்டைகள் வரிசையாக இருந்தன.

“அன்னைக்கு நின்ன மாதிரியே நில்லுங்க” என்றேன்.

நின்றார்கள். அச்சு அசலாக அதே மாதிரி. இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் தறி நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. யாருமே அதற்குள் கால் வைக்கவில்லை.

நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். வளையத்தைத் திருப்பினேன். எல்லோரும் தெளிவாக இருந்தார்கள். நடுவும் தெளிவாக இருந்தது.

“அமுக்குங்க அண்ணாச்சி, கழுத்து வலிக்கு” என்றாள் முத்துப்பேச்சி.

“நடுவில நெருங்கி நில்லுங்களேன்.”

“அன்னைக்கு மாதிரி நில்லுன்னீக. இப்ப நெருங்குன்னா?” அவள் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். “மொதலாளி வந்து நின்னாதான் இது நெறையும்.”

போனைப் போட்டேன். மூன்றாவது மணியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தனை பேர் வந்திருக்காக?”

“ஒம்பது பேரும்.”

“முத்துப்பேச்சி சிரிக்காளா?”

“மொறைக்கா.”

 ஓசூரில் ஏதோ லாரி ஹாரன் அடித்தது. “எப்ப அமுக்கப் போற?” என்றார்.

“நீ வந்து நடுவில நில்லு. அமுக்குதேன்.”

“ஏலே, அமுக்குன்னு சொன்னா அமுக்காத பய நீ ஒருத்தன்தான்” என்றார்.  “சரி. தீவாளிக்கு வாரேன். அதுவரைக்கும் லிவர இழுக்காத, வச்சிரு.”

தீபாவளிக்கு அவருக்குக் கால் வீங்கியிருந்தது. மார்கழியில் டாக்டர் மாத்திரையை மாற்றினார். பொங்கலுக்கு சூர்யபிரகாஷுக்கு லீவு இல்லை, தனியாகப் பஸ்ஸில் அனுப்ப மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் விட்டதும் போன் பண்ணுகிறேன். ஒவ்வொரு தடவையும் “வாரேன்லே” என்கிறார். முன்னெல்லாம் “அனுப்பு, அனுப்பு” என்று உயிரை எடுத்தவர் இப்போது அனுப்பு என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.

நேற்று பஜாரில் முத்துப்பேச்சி எதிரே வந்தாள். கையில் தக்காளிப் பை.

“அண்ணாச்சி, அந்தப் படம் என்னாச்சு?”

“மொதலாளி வரட்டும்.”

“வருவாகளா?”

“வருவாகளாவா? நேத்தே பஸ் ஏறிட்டாரு. சேலம் தாண்டிட்டாரு.”

“போன வாரமும் சேலம்னுதான சொன்னீக?”

“ஆமா” என்றேன். “பஸ்ஸு ரொம்ப மெதுவாப் போவுது.”